ஆறாம் வகுப்பும் வாய்மை விரதமும்

ஜூன் திங்கள் பிறந்து பள்ளிகள் திறக்கும் நாளில், நம் சமூகத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்பைக் கடந்து ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கின்றது. புதுச் சீருடையும் புத்தகப் பையும் வாங்கித் தருவதில் பெற்றோர் காட்டும் ஆர்வத்திற்குக் குறைவில்லை. ஆயினும், அக்குழந்தை எதனை விட்டு எதற்குள் செல்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. முப்பத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பழக்கத்தால் நம்மிடம் ஆலோசனை கேட்க வருவோர் உண்டு. அவர்கள் அனைவரும் எந்தப் பள்ளி நல்லது, எந்தத் தனிப்பயிற்சி நல்லது என்றே கேட்கின்றனர். நாம் இங்கு எடுத்துக் கொள்வது வேறொரு வினா. குழந்தையின் மனம் நோகலாகாது என்னும் இரக்கத்தால், அதன் கல்வி நிலையைப் பற்றி நாம் சொல்லும் பொய் அகிம்சையில் அடங்குமா, இம்சையில் அடங்குமா?

இவ்வினா நூல்களைப் புரட்டும்போது எழுந்ததன்று. நாம் எழுதிய ஒரு சொல்லே திரும்பி வந்து நம்மைக் கேட்ட வினா.

1983-ஆம் ஆண்டில் நாம் ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை நடத்தி வந்தோம். வகுப்பில் 52 குழந்தைகள். அவர்களுள் பாட்டியின் வளர்ப்பில் இருந்த பெண்குழந்தை ஒருத்தி. முத்து முத்தான கையெழுத்து அவளுக்கு. கரும்பலகையில் இருப்பதைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதுவாள். பிற பிள்ளைகள் உரக்கப் படிப்பதைக் கேட்டே செய்யுளையும் உரைநடையையும் மனத்தில் பதித்துக் கொண்டு ஒப்பிப்பாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் ஒரு நாள் அவள் அருகில் அமர்ந்து, புத்தகத்தில் நடத்தாத பக்கம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அவள் அப்பக்கத்தின்மீது விரலை ஓட்டியவாறே முந்தைய வாரத்துப் பாடத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனாள். அப்போதுதான் விளங்கிற்று. ஐந்து ஆண்டுகளாக அவள் எழுத்துகளை வரைந்து வந்தாளே தவிர, வாசித்ததில்லை.

நாம் நிறுத்தச் சொன்னதும் அவள் முகம் வாடியது. அதற்குமேல் கேட்க நமக்கு மனம் வரவில்லை. ‘போகப் போக வந்துவிடும்’ என்று அவளிடமும் சொன்னோம், நம்மிடமும் சொல்லிக் கொண்டோம். ஆண்டிறுதியில் மதிப்பெண் அட்டையில் ‘நன்று’ என்றெழுதித் தேர்ச்சி தந்து அனுப்பினோம். ஒரு பிஞ்சு உள்ளத்தை ஒடியாமல் காத்த நிறைவுகூட நமக்கு இருந்தது.

ஆறாம் வகுப்பு அதே பள்ளியின் மறுகோடியில்தான் இருந்தது. ஆனால் அங்கு ஒருவருக்கு மாற்றாகப் பாடத்திற்கு ஓர் ஆசிரியர். முதல் மாதத்திலேயே ஆசிரியர் ஒருவர் அவளை எழுந்து நின்று படிக்கச் சொன்னார். நடத்தாத பாடம், கேட்டு மனத்தில் கொள்ள வழியில்லை. அவள் நின்றாள். ‘அஞ்சு வருஷம் என்ன மாடு மேய்ச்சியா?’ என்றார் அவர். வகுப்பு சிரித்தது. தீபாவளிக்குப் பின் அவள் பள்ளிக்கு வரவில்லை.

நாம் வீடு தேடிச் சென்றோம். பாட்டி திண்ணையில் அமர்ந்து முறத்தில் பயறு புடைத்துக் கொண்டிருந்தார். ‘நல்லாப் படிக்குதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, டீச்சர்? அந்த சார் படிக்கவே தெரியலேன்னு சொல்றாரு. ரெண்டு பேருல யாரு சொன்னது பொய்?’ என்று கேட்டார். அவர் சினத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நாம் என்ன சொல்லிச் சமாளித்தோம் என்பது இன்று நினைவில் இல்லை. உள்ளே இருந்த குழந்தை கடைசிவரை வெளியே வரவில்லை, பள்ளிக்கும் வரவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே இருப்பது ஒரு வகுப்பு வேறுபாடன்று என்பதை நம்மவர் உணர வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை குழந்தை வாசிப்பதற்குக் கற்கின்றது. ஆறு முதல் கற்பதற்காக வாசிக்க வேண்டும். அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக நீள்கின்றன. கணக்கில் எண்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் புகுந்து இயற்கணிதம் தொடங்குகின்றது. வாய்ப்பாடும் பின்னமும் கைவராத பிள்ளைக்கு அங்கே நிற்க நிலமில்லை. இதுவரை ஓர் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தே காலையில் அவர் மனநிலையை அறிந்துகொண்ட குழந்தை, இப்போது மணியடிக்கும் தோறும் ஒரு புதிய முகத்தையும், புதிய கையெழுத்தையும், புதிய கண்டிப்பையும் எதிர்கொள்கின்றது. ஐந்தாம் வகுப்பில் எல்லாரினும் மூத்தவர்; ஆறாம் வகுப்பிலோ உயர்நிலைப் பள்ளி முழுவதற்கும் இளையவர். பெண்குழந்தைகள் பலர் பூப்பெய்துவதும் இதே ஓரிரு ஆண்டுகளில்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் இப்பருவத்தை ஆராய்ந்து ஒரு கருத்தைக் கூறினர். பதினொன்று, பன்னிரண்டு வயதில் குழந்தை சற்றுக் கூடுதலான தன்னுரிமையையும், பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் நெருக்கத்தையும் நாடுகின்றது. அதே வேளையில் பள்ளியோ கட்டுப்பாட்டை மிகுத்து, ஆசிரியர் நெருக்கத்தைக் குறைத்து, ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவதைக் கூட்டிவிடுகின்றது. பிள்ளை சோர்வதற்குக் காரணம் பருவக் கோளாறு மட்டுமன்று, பருவத்திற்கும் பள்ளிக்கும் உள்ள பொருத்தமின்மையே என்பது அவர்கள் முடிவு. கடல் கடந்த நாட்டில் கண்டதாயினும், நம்மூர் ஆறாம் வகுப்பு வாயிலில் ஒரு வாரம் நின்றவர் எவரும் இதனை மறுக்க மாட்டார்.

இனி, அறநூல்களிடம் செல்வோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு செய்தல் என்பதோடு நிறுத்தவில்லை. ‘பிரமத்த யோகம்’ என்னும் சொல்லை முன்னே வைக்கின்றது. விழிப்பின்றிக் கஷாயங்களுக்கு ஆட்பட்ட மனமொழிமெய்களால் விளையும் ஊறே இம்சை என்பது அதன் கருத்து. பொய்யாமையைப் பற்றிய வரையறை அடுத்து வருகின்றது. அமிர்தசந்திர ஆசாரியார் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் ஒரு படி சென்று, பொய்யும் களவும் முதலான அனைத்தும் உயிரின் தூய தன்மையைக் கெடுத்தலால் இம்சையின் வகைகளே, மாணாக்கர் எளிதில் உணரவே வேறுவேறாகச் சொல்லப்பட்டன என்கின்றார். இவ்வழியில் பார்த்தால் நாம் எழுதிய ‘நன்று’ இம்சையே என்பது எளிதில் முடிவாகிவிடும்.

ஆயினும் அவ்வளவு எளிதாக முடிக்க இயலாது. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் ஓதப்படுபவை. இல்லறத்தார்க்குரிய வாய்மை அணுவிரதத்தைச் சொல்லுமிடத்துச் சமந்தபத்திரர், பிறர்க்குக் கேடு தரும் உண்மையையும் பேசலாகாது என்று விலக்குகின்றார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று திருக்குறளும் கூறுகின்றது. அப்படியாயின், குழந்தையின் முகவாட்டத்தைத் தவிர்க்க எழுதிய ஒரு சொல்லுக்கு இந்நூல்களில் இடமில்லையா? பல ஆண்டுகள் நாம் இவ்விடத்தைக் காட்டியே நம்மைத் தேற்றிக் கொண்டதுண்டு.

தேறுதல் நிலைக்கவில்லை. குறள் சொல்லும் நன்மைக்கு ‘குற்றமற்ற’ என்னும் அடை இருக்கின்றது. நம் பொய்யால் நன்மை விளைந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். விளைந்தது யாருக்கு என்று அடுத்துக் கேட்க வேண்டும். அன்று அவளுக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், மறுநாள் முதல் அவளைத் தனியே அமர்த்தி அகரத்திலிருந்து தொடங்கும் கடமை நம் தலையில் விழுந்திருக்கும். மீதி 51 பிள்ளைகளுக்குப் பாடம் முடிக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் வருவார் என்று சொல்லப்பட்டிருந்தது. படிக்கத் தெரியாத பிள்ளை நம் வகுப்பில் இருப்பது நமக்கு இழுக்கு என்ற எண்ணமும் இருந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இரக்கம் என்று நாம் பெயரிட்டதில் ஒரு பங்கே இரக்கம். மற்றவை சோம்பலும் மானமும். நான்கு கஷாயங்களுள் மானத்தை வகுப்பில் நாம் எத்தனை முறை விளக்கியிருப்போம்! பிரமத்த யோகம் என்னும் சொல்லின் பொருள், அந்தத் திண்ணையில் நின்றபோதுதான் நமக்கு விளங்கிற்று.

ஆறாம் வகுப்பு ஆசிரியர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையே சமந்தபத்திரர் விலக்கிய உண்மை. வகுப்பு முழுவதும் கேட்க, மருந்தேதும் கையில் இன்றி, புண்ணை மட்டும் திறந்து காட்டுவது கேட்டிற்கே வழி. மேலும் ‘படிக்கத் தெரியாதவள்’ என்பது முழு உண்மையுமன்று. நம் அனேகாந்தக் கொள்கை ஒரு பொருளை ஒரே கோணத்தில் நின்று முடிவு கட்டுவதை ஏகாந்தம் என்று கடிகின்றதல்லவா? கேட்டதை மறவாத நினைவாற்றல் அவளுக்கு இருந்தது. கூர்ந்து நோக்கிப் பெயர்த்தெழுதும் கண்ணும் கையும் இருந்தன. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் ஒரு கண்ணி மட்டுமே அறுந்திருந்தது. ‘இன்றைய நிலையில், இந்த ஒன்று, இவளுக்கு இன்னும் வரவில்லை’ என்பதே அவளைப் பற்றிச் சொல்லத்தக்க வாய்மை. அதைச் சொல்லவும் மூவர் போதும்: அவளும், பாட்டியும், ஆசிரியரும்.

அவள் சென்ற பின் வந்த ஆண்டுகளில் நாம் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, நடத்தாத பக்கம் ஒன்றைப் படிக்கச் செய்வோம். திணறும் பிள்ளையின் வீட்டாரை அழைத்து உள்ளதைச் சொல்வோம். சொல்லும் அன்றே, மாலையில் எத்தனை மணிக்கு வந்தால் நாம் கற்பிப்போம் என்பதையும் சொல்வோம். அழுத தாய்மார் உண்டு; ‘எங்க பிள்ளையக் குறை சொல்றீங்களா?’ என்று சினந்த தந்தையரும் உண்டு. அமிர்தசந்திரர், தீயதை விலக்கி நல்லதைக் கைக்கொள்ளுமாறு உரைக்கும் சொல் கேட்போர்க்குக் கசந்தாலும், அங்குப் பிரமத்த யோகம் இல்லாமையால் பொய்மையின் பாற்படாது என்னும் பொருள்பட உரைக்கின்றார். சினந்தவர்களை வழியனுப்பிய பின் அதனை நினைத்துக் கொள்வோம்.

வீட்டிலும் இதே வினா வேறு உருவில் எழுவதுண்டு. வந்தவாசியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து நம் சமூகத்துச் சிறுவன் ஒருவன் நகரப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். மாலைச் சிறப்பு வகுப்பு ஆறு மணிவரை நடந்தது. மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடும். இரவு உண்ணாமையைக் கைக்கொள்ளும் குடும்பம். பிள்ளை பட்டினியோடு படுத்தான். ஒரு வாரம் பொறுத்த வீட்டார், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நான்கரை மணிப் பேருந்தைப் பிடித்து வந்துவிடுமாறு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தனர். விரதத்தைக் காக்க ஒரு பொய். வாரத்தில் மூன்று நாள் வயிற்றுவலி வந்தால் எந்த ஆசிரியர் நம்புவார்? அவனுக்குக் கள்ளன் என்று பெயர் வந்தது. பொய் சொல்லப் பழகிய நா, அடுத்து மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுமளவுக்குக் கைக்கும் துணிவு தந்தது.

அவன் பாட்டனார் நம்மிடம் வந்து, ‘என்னம்மா செய்யறது? பையன் கெட்டுப் போயிட்டானே’ என்றார். பையன் கெடவில்லை, ஐயா, நாம் கற்றுக் கொடுத்ததைத்தான் நன்றாகக் கற்றிருக்கின்றான் என்று சொன்னோம். சிறுவனின் தந்தையோடு பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரிடம், நாங்கள் சமணர், இருட்டிய பின் உண்பதில்லை என்பதை எடுத்துரைத்தோம். அவர் வியப்போடு, ‘இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! அஞ்சே காலுக்குக் கால் மணி நேரம் விட்டால் போச்சு’ என்றார். அன்றுமுதல் அவன் தாழ்வாரத்தில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுசென்ற இட்லியை உண்டுவிட்டு வகுப்பில் சேர்ந்துகொண்டான். சில நாளில் வேறு பிள்ளைகளும் தம் சிற்றுண்டியோடு அவனருகில் அமரலாயினர். நம் நெறியை வெளியே சொல்லக் கூசி நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறு பொய்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம்மவர் என்று பெருமை கொள்கின்றோம். அந்நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு முதல் நெய்யரி ஈறாக வகைப்படுத்தும் பகுதியை ஆசிரியர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவர். ஆசிரியர் ஆகத் தகாதவரைக் குறிக்கும் பகுதியும் அங்கேயே உள்ளது. அதனை எடுத்துக்காட்டும் ஆசிரியரைக் காண்பது அரிது. வேலிக்கு வெளியே வளைந்து பிறர்க்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு எனத் தக்கவர் நம் தொழிலில் குறைவில்லை. அது நிற்க. அதே பாயிரம் கூறும் இன்னொரு செய்தி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டுவது. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வையாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்கே கிட்டும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப்பங்கு என்பது முனிவர் கணக்கு. ஆசிரியர் அறுவராகப் பெருகி, நெருக்கம் குறையும் வகுப்பில், பிள்ளையைத் தாங்குவது மீதி முக்காற்பங்கே. அன்று கற்ற பாடம் ஒன்றை மாலையில் பாட்டிக்கோ தம்பிக்கோ பிள்ளை விளக்கிச் சொல்லட்டும். சொல்லத் திணறும் இடம் எதுவோ, அதுவே விளங்காத இடம். தனிப்பயிற்சிக்குக் கட்டும் பணத்தில் பாதி இவ்வழியில் மிஞ்சும்.

பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. பள்ளி திறக்குமுன் ஒருமுறை குழந்தையை அழைத்துச் சென்று வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை மூன்றையும் காட்டிவிடுங்கள். கழிப்பறைக்கு அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் அருந்தாதிருந்த பெண்குழந்தைகளை நாம் அறிவோம். பாடவேளை அட்டவணையைச் சுவரில் ஒட்டி, முதல்நாள் இரவே பையைப் பிள்ளையே அடுக்கட்டும். வீடு திரும்பியதும் ‘எத்தனை மார்க்கு?’ என்று கேட்பதை விட்டு, ‘இன்னைக்கு எது புரியலே?’ என்று கேளுங்கள். புரியாததைச் சொன்ன பிள்ளையை வையாதிருத்தல் அதனினும் முதன்மையானது. ஒருமுறை வைதால் மறுநாள் முதல் எல்லாம் புரிந்தது என்றே விடை வரும். அப்பொய்யை வளர்த்தவர் நாமே ஆவோம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், எட்டாம் வகுப்புவரை எப்பிள்ளையையும் நிறுத்தி வைக்கும் முறை ஒழிந்தது. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடம் தரப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அவ்வாண்டு அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதனைத் திரும்பப் பெற்றனர். திரும்பப் பெற்றது நன்றே. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றவர் என்று முத்திரையிடுவதால் எழுத்து வந்துவிடாது. ஆனால் எல்லாரும் தேர்ச்சி என்னும் நிலையில், உள்ளதை உள்ளவாறு பெற்றோர்க்குச் சொல்லும் கடமை ஆசிரியர்க்கும், கேட்டுப் பொறுக்கும் கடமை பெற்றோர்க்கும் மிகுகின்றது. 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைகள் பள்ளி வாயிலையே காணாது ஓராண்டு கழித்தவர்கள். தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. அக்குறையை ஈடுசெய்ய 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அக்குழந்தைகளே 2025 ஜூனில் ஆறாம் வகுப்பில் நுழைந்தவர்கள்.

அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு நாள், பேருந்து நிலையத்தில் நடுத்தர வயதைக் கடந்த ஒரு பெண் நம் அருகில் வந்து, எதிரில் நின்ற பேருந்து எந்த ஊர் செல்வது என்று கேட்டாள். சொன்னோம். நம் முகத்தை உற்று நோக்கி, ‘டீச்சர்தானே?’ என்றாள். 1983-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவள்தான். கையில் பேத்தியைப் பிடித்திருந்தாள்.

உயிர்கள் அனைத்திடமும் மன்னிப்பு வேண்டுவது நம் மரபு. ஆண்டுதோறும் தசலட்சணப் பருவத்தில் நாமும் வேண்டியதுண்டு. இவளிடம் நேரில் வேண்டியதில்லை. அங்கேயே சொன்னோம், அன்று நாம் எழுதியது பொய் என்று. அவள் சிரித்து, ‘அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை, டீச்சர்’ என்றாள். பின்பு பேத்தியை முன்னே தள்ளி, ‘இவ இந்த வருஷம் ஆறாவது போறா. நல்லாப் படிக்கிறான்னுதான் அட்டையில போட்டிருக்காங்க. நீங்க கொஞ்சம் பாருங்க’ என்றாள்.

கையிலிருந்த செய்தித்தாளை விரித்து ஒரு பத்தியைக் காட்டினோம். குழந்தை சிறு சொற்களை வாசித்தாள். நீண்ட சொற்களில் முதல் இரண்டு எழுத்தைக் கண்டு மீதியை ஊகித்துச் சொன்னாள். பாட்டி நம் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். ‘எழுத்து தெரியுது. கூட்டிப் படிக்கிறது இன்னும் முழுசா வரலே. பள்ளி திறக்க நாலு வாரம் இருக்கு, தினமும் சாயங்காலம் அனுப்பும்மா’ என்றோம்.

மறுநாள் நாலரை மணிக்குக் குழந்தை வந்தாள். பாட்டியும் உடன் வந்து திண்ணையோரம் அமர்ந்தாள்.